கையில் பாஸ், கரையில் பஸ் எங்கே?
(பள்ளிப் பிள்ளைகளின் பஸ் சலுகை: ஒரு விளக்கம்)

மூன்றாம் ஆண்டு, சிவில்



நம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவனிடம் பாதிக் கட்டண பஸ் பாஸ் இருக்கும். இன்னொருவனிடம் ரயில் சீசன். மூன்றாவதாக ஒரு மாணவி. அவளிடம் பாஸே கிடையாது, டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமலேயே வருகிறாள். நாலாமவன் தினமும் முழு டிக்கெட் எடுக்கிறான். நாலு பேரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. ஏன் இப்படி என்று கேட்டால், "கவர்ன்மென்ட் ரூல் அப்படி" என்ற பதில்தான் வரும். அந்த ரூல் என்ன, யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாததால் கேட்கவும் தோன்றுவதில்லை.

நான் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வருகிறவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படிப்புக்கும் எங்களுக்கும் நடுவில் எப்போதும் நின்றது தூரம்தான். அதனால் இந்த பஸ் விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று கேள்விகள்

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. மீன் வாகாகக் கிடைக்கும் இடங்களைப் பிரித்து, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். பாடு உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று ஊருக்கே தெரியும். பாடு இல்லாதவர் அந்த இடத்தில் அந்த வலையைக் கட்ட முடியாது. பாடு இருந்தும் முகத்துவாரத்தை மணல் மூடி, கடல் தண்ணீர் உள்ளே வராமல் போனால் வலையில் ஒன்றும் விழாது.

பஸ் சலுகையும் இதே மாதிரிதான். உலகத்தில் எந்த நாட்டுத் திட்டத்தை எடுத்தாலும் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். ஒன்று, யாருக்கு உண்டு? இரண்டு, எவ்வளவு தூரத்துக்கு? மூன்று, காசை யார் கொடுக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு நாலாவது கேள்வி ஒன்று பாக்கி நிற்கும்: பஸ் வருகிறதா?

யாருக்கு உண்டு?

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்வர இலவச பஸ் பாஸ் உண்டு. அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் இலவசம். தனியார் கல்லூரி, தனியார் பாலிடெக்னிக் என்றால் பாதிக் கட்டணம். நம்முடையது தனியார் பாலிடெக்னிக், அதனால்தான் நமக்குப் பாதி. அரசு பாலிடெக்னிக்கில் படிக்கிற நம் ஊர்ப் பையனுக்கு அதே பஸ்ஸில் அதே தூரம் இலவசம். இரண்டு பேர் வீட்டு வருமானமும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ரூல் பார்ப்பது நிறுவனத்தை, வருமானத்தை அல்ல.

பாஸ் எந்த பஸ்ஸுக்கும் செல்லாது. அதில் எழுதியிருக்கும் இடத்திலிருந்து எழுதியிருக்கும் இடம் வரை, சாதாரணக் கட்டண அரசு பஸ்ஸில் மட்டும்தான். எக்ஸ்பிரஸ் வந்தால் ஒதுங்கி நிற்கணும். ஒரு மாநிலத்துப் பாஸ் அடுத்த மாநிலத்து பஸ்ஸில் செல்லாது. இது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. பழவேற்காடு ஏரி வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழ்நாட்டில். ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவு ஆந்திர எல்லைக்குள் வருகிறது, ஆனால் அங்கே தமிழ் பேசுகிறவர்களே அதிகம். தண்ணீருக்கு எல்லைக்கோடு தெரியாது, பாஸுக்குத் தெரியும்!

இனி நம் வகுப்பு மாணவி. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பின்னாளில் அதற்கு 'விடியல் பயணம்' என்று பெயர் வைத்தார்கள். இதில் படிக்கிறவரா, வேலைக்குப் போகிறவரா, மீன் கூடையோடு போகிறவரா என்ற கேள்வியே இல்லை. போட்டோ, விண்ணப்பம், ஹெட்மாஸ்டர் கையெழுத்து எதுவும் வேண்டாம். அதனால் தனியார் பாலிடெக்னிக் மாணவிக்கும் அது பொருந்துகிறது. ஆனால் ஒன்று: டவுன் பஸ்ஸுக்குத்தான் இது. புறநகர் வண்டி என்று போர்டு மாறினால் டிக்கெட் எடுத்தே ஆகணும். கிராமத்துக்கு எந்த வகை பஸ் வருகிறது என்பதே அந்த ஊர்ப் பெண்களின் செலவைத் தீர்மானிக்கிறது.

ரயிலில் கணக்கு வேறு. மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். அதைத் தாண்டிய நமக்குச் சலுகைக் கட்டண சீசன். பொன்னேரியிலிருந்து சென்னைப் பக்கம் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. பொன்னேரி ஸ்டேஷனுக்கு வருவதே எங்களுக்குச் சுமார் 20 கிலோமீட்டர்.

எவ்வளவு தூரம்?

சிவில் படிக்கிறவனுக்குப் பிடித்த கேள்வி இது. தூரத்தை எப்படி அளப்பது?

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் (1954-63) ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்ற கொள்கை இருந்தது. பிள்ளை பள்ளியைத் தேடி நடக்கக்கூடாது, பள்ளி பிள்ளையைத் தேடி வரணும் என்பது அதன் பொருள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்திலும் இதே எண்ணம் உண்டு. அதற்காக 2010-ல் மத்திய அரசு வகுத்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் பள்ளி இருக்கணும் என்கின்றன.

இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே 'நடக்கக்கூடிய தூரம்' என்பதற்கு அளவு சொல்லிவிட்டது. எட்டு வயதுக்குக் கீழே 2 மைல், அதற்கு மேலே 3 மைல். பள்ளி அதைவிடத் தள்ளி இருந்தால் இலவசமாக வண்டி ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமை. இன்றைக்கும் அங்கே இதே அளவுதான். தூரம் குறைவாக இருந்தாலும் வழி ஆபத்தானது என்றால் சலுகை உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இன்னும் நுணுக்கம். ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு மேல் இருக்கணும், அல்லது நடந்து போகிற வழியில் 2.9 கிலோமீட்டர் இருக்கணும். இரண்டில் ஒன்று தேறினால் போதும்.

நேர்கோட்டுத் தூரமும் நடக்கிற தூரமும் வேறு வேறு என்பதை அந்த ரூல் ஒத்துக்கொள்கிறது, பாருங்கள். சர்வே வகுப்பில் நமக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது என்ன? வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போடுவது சுலபம். நடுவில் குளம் வந்தால் சங்கிலியைச் சுற்றித்தான் கொண்டுபோகணும். எங்கள் ஊரில் குளம் இல்லை, ஏரியே இருக்கிறது! எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்துக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். மணி அடித்தால் காற்று வாக்கில் காதிலும் விழும். போவதற்குப் படகு வேண்டும், இல்லாவிட்டால் பல கிலோமீட்டர் சுற்றணும். பழவேற்காட்டுக்கும் லைட் ஹவுஸ் குப்பத்துக்கும் நடுவே பாலம் வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்து மக்கள் எல்லாவற்றுக்கும் படகைத்தான் நம்பி இருந்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஒரு விரல் அகலம். தண்ணீரில் போனால் காற்றும் அலையும் விட்ட வழி. 2011 டிசம்பர் 25-ஆம் தேதி இதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தண்ணீர் வழி எப்படிப்பட்டது என்று அன்றைக்கு ஊர் உலகத்துக்கே தெரிந்தது. எங்கள் பாட்டிமாருக்கு அது முன்னாடியே தெரியும்.

மழைக்காலத்தில் தரை வழியும் நிச்சயமில்லை. கடல் சீறினால் கரையோரச் சாலையில் தண்ணீரும் மணலும் ஏறிவிடும். அன்று 3 கிலோமீட்டர் என்பது 3 கிலோமீட்டர் இல்லை. ஆகவே தூரத்தை அளக்கிறவர்கள் ஜூன் மாதத்தில் மட்டும் அளக்காமல் நவம்பர் மாதத்திலும் ஒரு தடவை அளக்கணும் என்பது என் அபிப்பிராயம்.

காசை யார் கொடுக்கிறார்கள்?

'இலவசம்' என்று நாம் சொல்கிறோம். டீசலும் டயரும் டிரைவர் சம்பளமும் இலவசமாக வருவதில்லை. மாணவர் ஏறிப்போகிற கட்டணத்தை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்கிறது. 2023-24 தமிழ்நாடு பட்ஜெட்டில் மாணவர் பயணச் சலுகைக்கு ரூ.1,500 கோடியும், பெண்களின் கட்டணமில்லாப் பயணத்துக்கு ரூ.2,800 கோடியும் ஒதுக்கினார்கள். அதாவது நாம் ஓசியில் ஏறவில்லை. நம் டிக்கெட்டை மக்கள் வரிப்பணம் எடுத்திருக்கிறது. பாஸ் காட்டும்போது தலைகுனியத் தேவையில்லை.

ஒரு வீட்டுக்கு இது எவ்வளவு மிச்சம்? நாமே போட்டுப் பார்க்கலாம். 2018 ஜனவரியில் பஸ் கட்டணத்தை ஏற்றினார்கள். தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அந்த மாதக் கடைசியில் கொஞ்சம் குறைத்து, புறநகர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று வைத்தார்கள். அந்த வீதத்தில் 20 கிலோமீட்டருக்கு ரூ.11.60, கணக்குக்கு 12 ரூபாய். போக வர 24. மாதம் 22 நாள் என்றால் 528 ரூபாய். பத்து மாதத்துக்கு 5,280 ரூபாய். இது ஒரு பிள்ளைக்கு. மூன்று பிள்ளை படிக்கிற வீட்டில் 15,840 ரூபாய்.

இறால் பட்டால் சோறு, படாவிட்டால் கடன் என்று இருக்கிற வீட்டில் இந்தத் தொகை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் கை வறண்டிருக்கும் நேரம் அது. சரியாக அப்போதுதான் பள்ளி திறக்கும். நோட்டு, பை, செருப்பு எல்லாம் ஜூன் மாதத்தில் ஒன்றாக வந்து நிற்கும். அந்த மாதத்தில் பஸ் காசு இல்லை என்பதே ஒரு பிள்ளையை நிறுத்திவிடப் போதும். அதனால்தான் புதிய பாஸ் கொடுக்கும் வரை பழைய பாஸையோ, யூனிஃபார்மையோ பார்த்து ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஆண்டுதோறும் ஜூனில் அறிவிப்பு வரும். இந்த அறிவிப்பு தெரியாமல் முதல் இரண்டு வாரம் காசு கொடுத்துப் போகிற பிள்ளைகள் எங்கள் குப்பத்திலேயே உண்டு.

பெரிய வகுப்புக்கு வந்த பிறகு வேறு உதவிகளும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு மேலே போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டு 9-ல் வந்தது. டிப்ளமோவும் இதில் சேரும். மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பார்த்தால், அந்த ஆயிரத்தில் எவ்வளவு பஸ்ஸுக்கே போகும் என்று உங்களுக்கே புரியும்.

பஸ் வருகிறதா?

இப்போது நாலாவது கேள்வி. "கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணுமே" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அரசாங்கம் பாஸ் கொடுத்துவிட்டது. பள்ளி விடுகிற நேரத்துக்கு பஸ் இல்லை என்றால் அந்த அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் அக்கா நன்றாகப் படிக்கிறவள். பத்தாம் வகுப்பில் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள். அது முடிகிற நேரத்துக்கு எங்கள் பக்கம் வரும் பஸ் சில நாள் வரும், பல நாள் வராது. ஆறரை, ஏழு என்று இருட்டில் ரோட்டில் நிற்கிற பெண் பிள்ளையை நினைத்து அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். பரீட்சை எழுதிப் பாஸ் செய்தாள். பதினொன்றில் சேர்க்க அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "படிப்பு வேணாம்னு சொல்லலடா, பொண்ணு பத்திரமா வந்து சேரணும்ல" என்றார். அந்த வருஷம் முழுக்க அக்காவிடம் இலவச பாஸ் இருந்தது. கணக்கெடுப்பில் அவள் 'பயனாளி' என்றுதான் பதிவாகியிருப்பாள். இன்று நண்டு சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறாள். என் இரண்டாம் செமஸ்டர் ஃபீஸில் அவள் கூலி இருக்கிறது.

பஸ் குறைந்தால் இன்னொரு ஆபத்து. ஒரு வண்டியில் மூன்று வண்டிக் கூட்டம் ஏறும். 2012 டிசம்பரில் சென்னை பெருங்குடி அருகே படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போன மாணவர்கள் 4 பேர் லாரி மோதி இறந்தார்கள். "திமிர் பிடித்து தொங்குகிறான்கள்" என்று சொல்லுவது சுலபம். திமிருக்குத் தொங்குகிறவன் இருக்கிறான், நான் மறுக்கவில்லை. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்பதால் தொங்குகிறவனும் இருக்கிறான். இருவரையும் ஒரே தராசில் வைக்கலாமா? தனியார் பள்ளி வேன்களுக்கு, 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பஸ்ஸின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, அதே ஆண்டில் தனி விதிகள் வந்தன. அரசு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பிள்ளைகளுக்கும் அதே அக்கறை வேண்டும் அல்லவா?

போக்குவரத்துக் கழகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கும். கடைக்கோடிக் குப்பத்துக்கு வண்டி விட்டால் வசூல் குறைவு, டீசல் அதிகம். ஆனால் மாணவர் டிக்கெட்டை அரசாங்கம் ஈடு செய்கிறது என்று பார்த்தோம். ஆகவே பாஸ் வைத்திருக்கிற நாற்பது பிள்ளைகளைக் 'காசு தராத கூட்டம்' என்று எண்ணக்கூடாது. ஒரு வழித்தடத்தில் எத்தனை பாஸ் கொடுத்திருக்கிறோமோ, அந்த எண்ணிக்கைக்குத் தகுந்தபடி காலையிலும் மாலையிலும் நடை விடணும். பாஸ் பட்டியலும் பஸ் டைம்டேபிளும் ஒரே மேஜையில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பஸ்ஸே போகாத ஊருக்கு?

இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மேலே சொன்ன 2010 விதிகளில், அருகில் பள்ளி இல்லாத சிறு குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இலவச வாகன வசதியோ, தங்கிப் படிக்கும் வசதியோ செய்து தரணும் என்று எழுதியிருக்கிறது. வெள்ளம், சாலை இல்லாமை, வழியில் ஆபத்து ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 'சமக்ர சிக்ஷா' என்னும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை போக்குவரத்துச் செலவு தர இடமுண்டு. முதலில் எட்டாம் வகுப்பு வரை இருந்ததை 2021-க்குப் பிறகு உயர்நிலை வகுப்புகளுக்கும் விரித்தார்கள்.

6,000 ரூபாயைப் பத்து மாதத்தால் வகுத்தால் மாதம் 600. ஒரு குப்பத்தில் பத்துப் பிள்ளை இருந்தால் மாதம் 6,000. ஒரு ஷேர் ஆட்டோக்காரரோடு உட்கார்ந்து பேசக்கூடிய தொகைதான் இது. படகுக்கும் பேசலாம், லைஃப் ஜாக்கெட்டோடு.

தூரத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பீகார் ஒரு சாட்சி. அங்கே 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் ஆராய்ந்து பார்த்ததில், அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளிக்கூடம் மாறவில்லை, வாத்தியார் மாறவில்லை, பாடம் மாறவில்லை. போகிற வழி மாறியது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும் விலையில்லா சைக்கிளும் அதே எண்ணத்தில் வந்ததுதான். மணல் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகணும் என்பது எங்கள் பக்கத்துக் கூடுதல் தகவல்!

நாம் என்ன செய்யலாம்?

மலரில் கட்டுரை எழுதினால் பஸ் வந்துவிடாது. ஆனால் டிப்ளமோ படிக்கிற நம்மால் முடிந்த காரியங்கள் நாலு இருக்கின்றன.

முதலாவது, ஜூன் மாதம் அவரவர் ஊரில் ஒரு நாள் உட்கார்ந்து பிள்ளைகளின் பாஸ் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது. படிக்காத பெற்றோருக்கு அந்த ஒரு தாள்தான் பெரிய மலை.

இரண்டாவது, எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளை, எந்தப் பள்ளி, எத்தனை மணிக்குப் பள்ளி விடுகிறது, எத்தனை மணிக்கு பஸ் வருகிறது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுவது. "பஸ் சரியா வர்றதில்ல சார்" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். "பத்து நாளில் ஆறு நாள் மாலை வண்டி வரவில்லை, இதோ தேதி" என்று கொடுத்தால் பதில் சொல்லியே ஆகணும்.

மூன்றாவது, அந்த நோட்டை வைத்து பணிமனை மேலாளருக்கு ஒரு மனு, கிராம சபையில் ஒரு தீர்மானம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்கே பேச பதினெட்டு வயது போதும். நம்மில் பலருக்கு இந்த வருஷம் அந்த வயது வந்துவிட்டது.

நாலாவது, பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்பது: இந்த வழித்தடத்தில் எத்தனை மாணவர் பாஸ் கொடுத்தீர்கள், எத்தனை நடை விட்டீர்கள், எத்தனை நடை ரத்து ஆனது?

வருகிற ஜூனில் இந்த வேலையை எங்கள் கரையோரக் குப்பங்களில் தொடங்குவதாக நாங்கள் ஆறு பேர் பேசி வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைக்காத மனு. மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்து நண்பர்கள் யாராவது சேர விரும்பினால் மாணவர் பேரவை அறையில் பெயர் கொடுங்கள். உங்கள் ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.